பூவனூரில் ஓர் ஆட்டம்

நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கூட வந்த என் சித்தப்பாவுக்கு அதைப் பார்க்க அவகாசமில்லை. செல்போனில், முகம் தெரியாத யாரோ ஒருவனுடைய குதிரை அவருடைய ராணியைத் துரத்திக்கொண்டிருந்தது.

"இரண்டே நிமிஷம்டா. அப்புறம் காப்பி சாப்பிடலாம்."

ஒன்றரை நிமிஷத்தில் ராணி போயிற்று. காப்பி சாப்பிட்டோம்.

நாங்கள் புறப்பட்டு வந்தது திருப்பூவனூருக்கு. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறது. அப்பர் பாடிய தலம். ஆனால் சித்தப்பாவை இழுத்தது தேவாரமல்ல, சுவாமியின் திருநாமம். சதுரங்க வல்லபநாதர்! 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் மோடி இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார் அல்லவா? அன்றே சித்தப்பா வேண்டிக்கொண்டுவிட்டார். இணையத்தில் அவர் ஆடும் லிசெஸ் என்ற களத்தில் தம் எண் 1400-ஐத் தொட்டால் வந்து அர்ச்சனை செய்வதாக. இன்று வரை தொடவில்லை. "முன்பணமாகச் செய்துவிடுவோமே" என்று கிளம்பிவிட்டார்.

அவர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். லிசெஸில் புதிதாக வருகிறவருக்கு 1500 என்று பெருந்தன்மையாக ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, தோற்கத் தோற்க இறக்குகிறார்கள். சித்தப்பா ஒரே வாரத்தில் 950-க்கு வந்து சேர்ந்தார். குற்றம் மூளையினுடையது அல்ல. எங்கள் வீட்டுத் திண்ணையினுடையது. என் தகப்பனாரும் அவரும் அங்கே பல்லாண்டு ஆடியது பழைய நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் போகாது. ராஜாவை யானைக்குப் பக்கத்தில் ஒதுக்கிப் பத்திரப்படுத்தும் 'காஸ்லிங்' கிடையாது. பதிலாக, செக் வாங்காத வரையில், ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி துள்ளலாம். அந்தத் துள்ளலை நம்பியே வளர்ந்தவர், போனிலும் ராஜாவை நடுவீதியில் நிறுத்திவிட்டு ராணியைச் சண்டைக்கு அனுப்புவார். ஆபத்து நெருங்கியதும் ராஜாவைத் துள்ள வைக்க விரலால் அழுத்துவார், அழுத்துவார்... போன் அசையாது.

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் தவறுகளுக்கு இரட்டைக் கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது. அதை வாத்தியாரின் சிவப்பு மசியைப் போல மதித்துப் படித்தார். காஸ்லிங் செய்யக் கற்றார், 1200. குதிரைகள் வெளியே வந்த பிறகே ராணியைத் தொடுவது என்று விரதம் எடுத்தார், 1310. அங்கே நின்றவர்தான். எதிராளியின் எண் தம்முடையதைவிடக் குறைவு என்று தெரிந்தால் விரதம் கலைந்துவிடும். "இவனுக்கு இது போதும்" என்று ராணியை ஓட்டுவார். காலையில் ஸ்டேஷனில் நடந்ததும் அதுதான்.

விஸ்வநாதன் ஆனந்த் பிறந்த மயிலாடுதுறையும் இந்தக் காவிரிப் பக்கமே; தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பது பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டு வந்த கட்சி.

கோயிலில் கூட்டமில்லை. சாமுண்டீசுவரி சந்நிதியில் மட்டும், எலிக்கடி விஷத்துக்கு வேர் கட்டிக்கொள்ள வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. குருக்கள் நிதானமாகத் தலபுராணம் சொன்னார். தாமிரபரணியில் தாமரைமேல் சங்காகக் கிடைத்துக் குழந்தையாக மாறிய ராஜராஜேசுவரி. சாமுண்டி அவளுக்கு வளர்ப்புத் தாய். சதுரங்கத்தில் அவளை வெல்பவனுக்கே அவள் என்று அரசன் அறிவித்தான். ஒருவராலும் முடியவில்லை. யாத்திரையாக இந்த ஊருக்கு வந்தபோது கிழச் சித்தர் ஒருவர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். ஜெயித்த பிறகுதான் தெரிந்தது, வந்தது சிவபெருமான் என்று.

"கிழவர்தானே என்று நினைத்திருப்பாள்" என்றேன், சித்தப்பாவைப் பார்த்து.

அவர் காதில் விழாதது போல, "எந்த ஆட்டம் சுவாமி? ராஜா துள்ளுகிற ஆட்டமா?" என்று கேட்டார்.

"அவர் துள்ளினால் யார் தடுக்கிறது?" என்று சிரித்தார் குருக்கள்.

அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு சித்தப்பா ஒரு மஞ்சள் பையையும் வைத்தார். எனக்குத் தெரிந்த பைதான். திண்ணை ஆட்டத்தின் மரக்காய்கள். அப்பா 2021-ல் காலமான பிறகு அது பரணிலேயே இருந்தது. அதற்கப்புறம்தான் சித்தப்பா போனைக் கையில் எடுத்தார். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார்.

"சுவாமி பேருக்கே பண்ணுங்கோ."

1400 பேச்சே எடுக்கவில்லை.

வெளியே வந்தோம். மர நிழலில் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, பையை அவிழ்த்து, கட்டம் தைத்த துணியை உதறி விரித்தார்.

"உட்காருடா."

"எனக்கு உங்க பழைய ஆட்டம் தெரியாதே, சித்தப்பா."

"சொல்லித் தர்றேன். முதல்லே ராஜாவை வை."

பத்தாவது நகர்த்தலில் அவருடைய ராஜா துள்ளியது. மன்னார்குடி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன்.

"அடுத்த பஸ் வரும், உன் ஆட்டத்தைப் பார்" என்றார்.