வலப்பக்கத்து ஆள்

வடசென்னைச் சாத்தாங்காட்டில் நின்று நெசவைப் பற்றி விசாரித்தால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இது இரும்புச் சந்தை. சி.எம்.டி.ஏ. அமைத்த அங்காடிக்குள் டிரெய்லர்கள் நாள் முழுக்கக் கம்பியையும் தகட்டையும் ஏற்றி இறக்குகின்றன. எடைமேடைச் சீட்டைத் தவிர வேறு எழுத்து எதுவும் இங்கே பெரிதாகப் புழங்குவதில்லை. ஆனால் இந்த ஊர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன காலத்தில் மெட்ராஸின் வியாபாரம் துணிதான். 1708-ல் நவாப் தாவூத் கான் ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கத்தோடு சாத்தாங்காடும் ஒன்று.

அந்தக் கிராமங்களை உண்மையில் வசப்படுத்தியவர் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் கோலட். திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி ஒரு பேட்டை கட்டினார். கோலட் பேட்டை வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆகி, 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது. 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை எழுந்ததும் இதே கணக்கில்தான். முன்பணம் வாங்கிய நெசவாளி தொலைதூரக் கிராமத்தில் இருந்தால், துணியைப் பழவேற்காட்டு டச்சுக்காரனுக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிடலாம். கம்பெனிக் கோட்டையின் கண்பார்வையில் இருந்தால் அது நடக்காது. வீடும் தெருவும் மரநிழலும் கொடுத்ததில் தயாளம் எவ்வளவு, கண்காணிப்பு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் துணிக்கு இருந்த மதிப்புக்கு ஒரு சாட்சி: முன்னாள் மெட்ராஸ் ஆளுநர் எலிஹு யேல் 1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடைப் பொதிகளில் துணிகளும் இருந்தன. பொருள்களை விற்று வந்த 562 பவுண்டுக்காகக் கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது.

காலடிப்பேட்டையில் இன்று தறி இருக்கிறதா என்று தெருத்தெருவாகக் கேட்டேன். “தறியா? எங்க தாத்தாவே பார்த்திருக்க மாட்டாரு” என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர். கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் மட்டும் இருக்கிறது. கோலட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். ஒருநாள் துரை, இந்த நேரம் காஞ்சியில் என்ன நடக்கிறது என்று சோதிக்கக் கேட்க, இவர் இங்கிருந்தே சொல்ல, ஆளனுப்பி விசாரித்தால் சொன்னது சரியாக இருந்ததாம். துரை அசந்துபோய் வரதருக்கு இங்கேயே கோயில் எழுப்பினாராம். நம்புவது அவரவர் விருப்பம். எனக்கு அதில் உபயோகமாக இருந்தது வழிதான்: தறியைப் பார்க்க வேண்டுமென்றால் வீரராகவன் போன இடத்துக்கே போக வேண்டும். போனேன், பேருந்தில்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம். நண்பர் ஒருவர் சொல்லிவைத்திருந்த வீடு. கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு குழித்தறி, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் அட்டைச் சரம். அறுபதை ஒட்டிய நெசவாளர் ஒருவர் குழிக்குள் கால்களை இறக்கி மிதியில் வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் நீண்டகால உறுப்பினர். தறியில் ஓடிக்கொண்டிருந்தது மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை. அவரோடு பேசத்தான் போயிருந்தேன். பேசவும் செய்தார், நன்றாகவே. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் கண் அவருக்கு வலப்பக்கம் பலகையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் போய்விட்டது.

கோர்வை என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்; பார்த்தபோதுதான் விளங்கியது. சேலையின் உடலுக்கு ஒரு நிற ஊடை (குறுக்கு இழை), கரைக்கு வேறு நிற ஊடை. இரண்டு பக்கமும் கரை என்றால் ஒரே வரிசைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். இடப்பக்கக் கரை நாடாவும் உடல் நாடாவும் நெசவாளர் கையில்; வலக்கரை நாடா அந்த அம்மாவிடம். அவர் உடல் நாடாவை எறிகிறார். அது வலக்கரையின் விளிம்புக்கு வந்ததும் இவர் தம் நாடாவின் இழையை அதோடு கோத்துத் திருப்புகிறார். பலகை அடிக்கிறது. அடுத்த வரிசை. இதில் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நிறமும் சேரும் கோட்டில் பல் பல்லாக ஏறி இறங்கும் தாழம்பூ ரேக்கு, ஒவ்வொரு பல்லிலும் இந்த இரண்டு பேரின் கணக்கும் ஒத்துப்போனதால் வருவது.

“இழுத்தா கரை சுருங்கிடும், விட்டா தொங்கிடும்” என்றார் அந்த அம்மா. எனக்கு அவர் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். கை நிற்கவில்லை.

“அக்கா, எத்தனை வருசமா உட்காந்திருக்கீங்க?”

“கல்யாணம் ஆகி வந்ததிலேர்ந்து இந்தத் தறி. அதுக்கு முந்தி எங்கப்பா தறி. எட்டு வயசோ ஒன்பது வயசோ. பள்ளிக்கூடத்துல பேரு இருந்திச்சு, நான் இல்ல.”

காஞ்சிபுரத்துப் பழைய ஏற்பாடு அது. வலப்பக்கத்து ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால், பெற்றோர் முன்பணம் வாங்கிய கணக்கில் வந்து உட்காரும் அடுத்த வீட்டுப் பிள்ளை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. தொண்ணூறுகளில் கிளம்பிய எதிர்ப்பும் சோதனைகளும் பள்ளிச் சத்துணவும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பின. எழுந்தது நல்லதே. கைத்தறியின் பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளை எழுந்த பலகையில் கூலி கொடுத்து ஒரு பெரிய ஆளை உட்காரவைக்க எந்த விலைப்பட்டியலிலும் இடம் வைக்கவில்லை. மனைவி வந்து உட்கார்ந்தார். சமையல், தண்ணீர், தார் சுற்றுவது எல்லாம் முடித்துவிட்டு.

இந்தச் சேலைக்குக் கூலி என்ன என்று நெசவாளரிடம் கேட்டேன். சொன்னார். எத்தனை நாள் என்றேன். “பத்து, பதினஞ்சு. முந்தி கனமா இருந்தா கூடவே ஆகும்.” நான் வகுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: “ரெண்டா வகுங்க தம்பி. அப்பதான் கணக்கு சரியா வரும்.” தெரு முனையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிப் பேருந்துகள் காலையில் வந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மகனும் அதில்தான் போகிறான். அதைச் சொன்னபோது இருவர் முகத்திலும் வருத்தம் எதுவும் தெரியவில்லை, மாதாமாதம் பி.எப். பிடிக்கிறார்கள் என்று அம்மா சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

உடல் முடிந்து முந்தி தொடங்கும் இடத்தில் நிறம் மாற வேண்டும் என்றால் பேட்னி. பாவு என்கிற நெடுக்கு இழைகளையே மாற்ற வேண்டும். முந்தி நிறத்துப் புது இழைகளைப் பழைய பாவு இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, கொஞ்ச தூரம் இரண்டையும் ஒன்றாக நெய்து, பழையதைக் கத்தரித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான இழை. சேலையில் அந்த இடத்தைத் தடவினால் விரலுக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டும். அதற்கும் ஒருவர் போதாது. புதுப் பாவு வந்தால் முன் பாவின் நுனிகளோடு முறுக்கிப் பிணைக்க, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு வேறு இருவர் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். அதற்கும் முன்னால் தெருவில் பாவு போட வேண்டும். விடிந்தும் விடியாமல், வெயில் ஏறுவதற்குள், தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, பிரம்பு செருகி ஆற்றி எடுப்பார்கள். அந்த நேரம் ஒரு பைக் நுழைந்தால் தெருவே சத்தம் போடும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் என்கிறது. அவர்களில் 26.73 லட்சம் பேர் நெசவாளர். மீதி ஏறக்குறைய எட்டரை லட்சம் பேர் தார் சுற்றுவது, பாவு போடுவது, சாயம் போடுவது போன்ற துணை வேலைக்காரர். மொத்தத்தில் பெண்கள் நூற்றுக்கு 72. ஆனால் கடையில் சேலையோடு ‘இதை நெய்தவர்’ என்று படம் போட்டு அட்டை வைக்கும் வழக்கம் வந்திருக்கிறதே, அதில் ஒரு முகம்தான் இருக்கும். அட்டை வைத்ததைக் குறை சொல்லவில்லை. பெயரே இல்லாமல் போன காலத்துக்கு அது எவ்வளவோ மேல். கோர்வைச் சேலைக்காவது இரண்டு படம் போட இடம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

விசைத்தறிப் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டபோது நெசவாளருக்கு முன்னால் அம்மா பதில் சொன்னார். கரையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உடல் நிறத்து ஊடை கரைக்குள்ளும் ஓடியிருந்தால் அது கோர்வை இல்லை. கரை நிறமும் கொஞ்சம் மங்கலாக, கலந்தாற்போல் தெரியும். கோர்வையில் கரை தன் நிறத்திலேயே நிற்கும். எத்தனை பேர் அப்படித் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள் என்றேன். சிரித்தார்.

சாயங்காலம் நெசவாளர், முந்தின வாரம் முடித்த சேலையோடு, சங்கத்துக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். நம் நெசவாளர் சங்கங்களை வெறும் அரசாங்க அலுவலகம் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தக் கூடத்தைக் காட்ட வேண்டும். பட்டும் ஜரிகையும் எடை போட்டுத் தருகிறார்கள். சேலையை எடை போட்டு வாங்குகிறார்கள். கழிவு எவ்வளவு என்பதில் கிராம் கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது. ஜரிகைக்கும் அளவு உண்டு: தங்கம் 0.5, வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24 விழுக்காடு. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளரின் சேமிப்புக்குப் போகிறது. அரசு அதோடு 4 பைசா சேர்க்கிறது. கோலட் காலத்துப் பேட்டையிலிருந்து இந்தக் கூடம் வேறுபடுவது இங்கேதான். அங்கே முன்பணம் கொடுத்தவன் சொன்னதுதான் விலை. இங்கே பங்குதாரர் என்ற முறையில் இவர் குரலை உயர்த்தலாம். உயர்த்தினார்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. 1935-ல் மாகாண அளவில் பிறந்த கூட்டுறவு அமைப்புதான் இன்றைய கோ-ஆப்டெக்ஸ். 1953-ல் கைத்தறி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா திருச்சித் தெருக்களில் துணி விற்றார். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்துவிட இழை இழையாய்த் திருடும் நெசவாளியைப் பார்த்தவர்களுக்கு, சங்கம் இல்லாத காஞ்சிபுரம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். சங்கத்திலும் குறை உண்டு. விற்காத சேலை அடுக்கில் ஏறினால் அடுத்த பாவு தாமதமாகும். அந்த நாளில் உறுப்பினர் தனியார் முதலாளியிடம் போய் நிற்பார். அதை அங்கே யாரும் மறைக்கவில்லை.

சேலையை விரித்துச் சரிபார்த்தார்கள். ஓரிடத்தில் கரை ஒரு நூல் ஏறியிருப்பதாக ஊழியர் காட்டினார். இவர் குனிந்து பார்த்து, “அன்னைக்கு அவளுக்கு ஜுரம்” என்றார். ஊழியர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை, கூலியும் பிடிக்கவில்லை. பாஸ்புக்கில் வரவு வைத்தார். உறுப்பினர் பெயர் ஒன்றுதான். இந்த வீட்டில் அது அவர் பெயர்.

பிறகு அடுத்த பாவு பற்றிய பேச்சு. இவர் கோர்வை வேண்டாம் என்றார். “அவளுக்கு முட்டி வலி. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. ஒத்த ஆளு ஓட்டுற மாதிரி பிளெயின் கரை ஏதாவது குடுங்க.” ஊழியர் ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார். தை முகூர்த்தத்துக்குக் கடைகள் கேட்டிருப்பது எல்லாம் கோர்வை. பிளெயின் கரையை யார் வேண்டுமானாலும் நெய்துவிடுவார்கள், அதற்குக் கூலியும் குறைவு, கோர்வை ஓட்டத் தெரிந்த தறி நம் சங்கத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்றார். உண்மையைத்தான் சொன்னார். இவர் கூலியில் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். செயலாளர் அறைக்குப் போய் வந்து ஒரு தொகை சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பேசி, மயில்கழுத்து நிறத்தில் மூன்று சேலைக்கான கோர்வைப் பாவு ஒன்றை எடை போட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டினார். “அக்காவை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமாண்ணே?” என்றேன்.

“போய்ச் சொல்லிக்கலாம்” என்றார்.