விற்கிறவர் அறியாத விலை



நம் சபையார் சிலருடைய வீடுகளில் பெற்றோரின் திருமணப் படங்கள் கரையானுக்கு இரையாகிவிட்டன. நெகட்டிவ் மட்டும் தகரப் பெட்டியில் தப்பியிருக்கிறது. அவற்றைப் பெரிதாக்கித் தர விரும்பிப் பழைய என்லார்ஜர் ஒன்றைத் தேடி வந்தேன். படம் கழுவுவது இறையியல் கல்லூரி நாட்களில் நான் கற்றுக்கொண்ட கைத்தொழில்.

இளையோருக்காக ஒரு வார்த்தை. என்லார்ஜர், கீழ்நோக்கி நிற்கும் கேமராவைப் போன்றது. மேலே விளக்கு; அதன்கீழ் ஒளியைச் சீராகச் செலுத்தும் கண்டென்சர், நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம், துருத்தி, லென்ஸ். 24க்கு 36 மில்லிமீட்டர் அளவே உள்ள நெகட்டிவ், அடிப்பலகையில் வைத்த தாளின்மேல் பெரிதாக விழும். ஒளி பட்டவுடன் தாளில் எதுவும் தெரியாது. டெவலப்பரில் இட்ட பின்னரே, சிவப்பு விளக்கின் கீழ், புருவமும் கண்ணும் மெல்ல எழும்பி வரும். எத்தனை முறை கண்டாலும் எனக்கு அது சலித்ததில்லை.

உத்தமபாளையத்துக்கு அருகே, மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றில் ஒரு என்லார்ஜர் இருப்பதாக அறிந்து, பண்ணைப்புரத்திலிருந்து சென்றேன். நடத்தியவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியே கதவைத் திறந்தார். தூண் ஆடவில்லை. அறையை இருட்டாக்கி விளக்கை ஏற்றிப் பார்த்தேன். துருத்தியில் ஒளிக்கசிவு இல்லை. லென்ஸின் ஓரத்தில் மட்டும் சிலந்தி நூலைப்போல் பூஞ்சை படர்ந்திருந்தது. அதுவோ எல்-நிக்கோர் 50 மில்லிமீட்டர் லென்ஸ்.

“இரும்புக்கடைக்காரரு எழுநூறுங்கிறாரு. நீங்க ஆயிரம் குடுத்துட்டு எடுத்துக்கங்கய்யா” என்றார் அம்மா.

வாங்குகிறவன் பொருளைக் குறைத்துப் பேசிவிட்டு, அப்பால் போனபின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வதை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறது! பூஞ்சையைச் சுட்டிக்காட்டுவது பொய்யாகாது. ஆனால் பூஞ்சையை மட்டும் சொல்லி, அந்த லென்ஸ் ஒன்றே நாலாயிரம் பெறும் என்பதைச் சொல்லாமல் விட்டால்? உண்மையைக் கொண்டே ஒரு விதவையை ஏமாற்றியிருக்கலாம். ஒருவரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இரண்டையும் சொன்னேன். ஐயாயிரம் தருவதாகவும் சொன்னேன்.

அவர் மகிழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களே இம்புட்டுச் சொல்றீகன்னா, இதுல இன்னும் என்னமோ இருக்கு. எம் மகன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்யா.” வெறுங்கையோடு பேருந்து ஏறினேன். சிரிப்பும் வந்தது, சற்று வருத்தமும் இருந்தது. ஆயினும் அவர் கேட்டது நியாயமே: ஒரு பொருளின் விலையை வாங்க வந்தவன் வாயிலிருந்து மட்டுமே அறிகிறவர் வேறென்ன செய்வார்? மூன்றாம் நாள் மகன் திருப்பூரிலிருந்து பேசினார். அவரும் விசாரித்திருந்தார். ஐயாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

இப்போது அது என் வீட்டின் பின்னறையில் நிற்கிறது. சன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தாயிற்று. தாள்தான் வரவேண்டும். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் தந்த தாள் இன்று இல்லை. இல்ஃபோர்டு போன்ற வெளிநாட்டுத் தாளையே வரவழைக்க வேண்டியிருக்கிறது.

அதுவரை, வீட்டில் நெகட்டிவ் இருப்பவர்கள் அதை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காமல் காகித உறையிலிட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் கொடுக்கலாம். உறையின்மேல் உங்கள் பெயரையும், படத்தில் இருப்பவர்களின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.