ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு கடலுணவுச் சலட்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்குப் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்தான். கடல் என்று பெயரே தவிர அலை கிடையாது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர். அதற்குள் வரிசையாகத் தடி நட்டுச் சிறகுவலை கட்டியிருப்பார்கள். இறால் அதில்தான் படும். தூரத்தில் ஒருவர் தண்ணீருக்குள் நடந்து போய் வலை பார்த்துக்கொண்டிருப்பார். முதன்முறை வருகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, "அங்கை பாருங்கோ, ஒராள் கடலிலை நடக்கிறார்" என்று சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

பாலம் கழிந்தால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. பனைகளுக்கு இடையில் கூரையில்லாத வீடுகள் இன்னமும் நிற்கின்றன. 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. வந்தவர்கள் கடலை நம்பி வந்தார்கள். பஸ் கடைசியில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போய் நிற்கும். அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை' போகும். நடுத் தண்ணீரில் கடற்கோட்டை தெரியும். அதன் ஒல்லாந்தப் பெயர் ஹம்மன்ஹீல். ஒல்லாந்தருக்கு இலங்கையின் உருவம் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். இந்த இடம் அந்தத் தொடையின் குதிக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரைப் பார்த்ததும் சாப்பாடு ஞாபகம் வந்தவர்கள் போலும். நான் அங்கே போனதும் ஒரு சாப்பாட்டு விடயமாகத்தான்.

இறங்குதுறைக்கு அண்மையில் உள்ள ஒரு கரையோரக் கிராமம் அது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பெண்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். விடிந்து சற்று நேரத்தில் நண்டு வலைக்குப் போன வள்ளங்கள் கரைக்கு வந்துவிடும். ஆண்கள் வலையை இறக்கிவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். அதன்பின் நண்டு கழற்றுவது பெண்களின் வேலை. வலை நூலில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல், தன் விரலும் கடிபடாமல் எடுக்கவேண்டும். நீல நிறமாக இருப்பது ஆண் நண்டு, பழுப்பும் பச்சையும் கலந்தது பெண் நண்டு. கால் முறிந்தால் விலை குறையும். தராசோடும் ஐஸ் பெட்டியோடும் நிற்கும் வியாபாரி பெரியதையெல்லாம் எடுத்துப்போக, முறிந்ததும் சிறியதும் வீட்டுக்கு வரும். பெரிய நண்டுகள் தொழிற்சாலையில் அவித்து, சதை பிரித்து, பேணியில் அடைபட்டு அமெரிக்கா வரைக்கும் போகின்றன. காலையில் 3 மணித்தியாலம் குந்தியிருந்து நண்டு கழற்றும் பெண்ணுக்கு அதற்கென்று தனிக்கூலி இல்லை. அது வீட்டு வேலைக் கணக்கில் போய்விடுகிறது.

அந்தக் கிராமத்தின் மாதர் சங்கத்தில் 6 பேர் சேர்ந்து சமையல் ஓடர் எடுத்துச் செய்கிறார்கள். அந்தியேட்டி, பிறந்தநாள், பாடசாலை நிகழ்வு என்று சோறும் கறியும்தான் இதுவரை. இந்த முறை வந்தது வேறு விதமான ஓடர். கனடாவிலிருந்து வரும் உறவினர் கூட்டம், 24 பேர். நெடுந்தீவு பார்த்துத் திரும்பும் வழியில் சாட்டிக் கடற்கரையில் மத்தியானச் சாப்பாடு வேண்டுமாம். சோறு, கறி எல்லாம் சரி. பட்டியலில் கடைசியாக 'சீஃபூட் சலட், கிரீம் டிரெஸிங்கோடு' என்று இருந்தது. "மிஸ், உதென்ன சாமான்?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். சனிக்கிழமை வந்து சேர்ந்தே செய்து பார்ப்போம் என்றேன்.

சங்கத்தின் செயலாளர் அக்கா ஒரு போத்தல் மயோனீஸ் வாங்கி வைத்திருந்தார். விலையைப் பார்த்ததும் எல்லோரும் போத்தலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். 24 பேருக்கு இப்படி எத்தனை போத்தல்? மயோனீஸ் என்பது முட்டை மஞ்சட்கருவில் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு அடிப்பதுதான். மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் என்ற பொருள் எண்ணெயையும் புளியையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது. வீட்டிலேயே அடிக்கலாம். ஆனால் பச்சை முட்டையில் அடித்ததை எங்கள் வெய்யிலில், ஐஸ் பெட்டியில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்கு நான் சம்மதிக்கவில்லை. சல்மொனெல்லா என்ற கிருமி பச்சை முட்டையில் இருக்கக்கூடும். ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் அந்த 6 பேருக்கும் பிறகு யாரும் ஓடர் தரமாட்டார்கள்.

ஆகவே அவித்த முட்டை. 4 முட்டையை 10 நிமிடம் அவித்து, மஞ்சட்கருவை மட்டும் எடுத்து 2 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு, ஒரு பல்லு உள்ளி, மிளகுதூள், உப்புச் சேர்த்து மசித்தோம். வெள்ளைக்கருவை வீசவில்லை, அரிந்து சலட்டுக்குப் போட வைத்தோம். 2 தேங்காயின் முதற்பாலைக் கெட்டியாகப் பிழிந்து 2 கோப்பை எடுத்தோம். அதில் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக் கொதி வந்ததும் இறக்கினோம். ஆறியதும் தோசைமாப் பதத்துக்கு வந்தது. அதை மசித்த மஞ்சட்கருவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிக்க, போத்தலில் இருந்ததைப்போலவே வழுவழுப்பாக வந்துவிட்டது. நிறம் மட்டும் சற்று மஞ்சள்.

தேசிக்காய்ப் புளியை எப்போது விடுவது என்று நான் சொல்ல வாயெடுக்கும்முன் ஓரமாக இருந்த அன்ரி சொன்னார்: "சூடு ஆறினபிறகுதான் பிள்ளை. சொதிக்கும் இறக்கித்தானே விடுறனாங்கள். அடுப்பிலை விட்டால் பால் திரைஞ்சு போம்." சரியான விளக்கம் அதுதான். சூடும் புளியும் சேர்ந்தால் பாலில் உள்ள புரதம் திரளும். 60 வயதைத் தாண்டிய அவர் அதுவரை 'உது எங்களுக்குச் சரிவராது' என்று தள்ளியே இருந்தவர். "கத்தரிக்காய் பொரிச்சுப் பாலும் தேசிக்காயும் விட்டுச் சம்பல் போடுறேல்லையே? அதுதான் இது, பேர்தான் வேறை" என்று சொல்லிக் கதிரையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உப்பும் புளியும் அவருடைய பொறுப்பாயிற்று. 3 தேசிக்காய் பிடித்தது.

நண்டு 2 கிலோ. உயிரோடு இருந்ததையும் அப்போதுதான் கரைக்கு வந்ததையும் மட்டும் எடுத்தோம். செத்து நேரமான நண்டு வெகுசீக்கிரம் பழுதாகும். கறியில் மிளகாய் மறைக்கும், சலட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. அவித்த நண்டைப் பிரித்தெடுக்க வந்தவர் ஒரு தங்கை. நண்டுத் தொழிற்சாலையில் 3 வருடம் வேலை செய்தவர். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓட்டைக் கழற்றி, செவுளைத் தள்ளி, உடலை இரண்டாக முறித்து, துடுப்புப்போல இருக்கும் பின்னங்கால் உடலோடு சேரும் இடத்தில் கத்தி நுனியை வைத்து ஒரு திருப்பு. பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைச் சதை முழுதாக வெளியே வந்தது. பேணியில் அதிக விலை போவது இந்தத் துண்டுதானாம். உடைந்தால் தரம் இறங்கிவிடும். மற்றச் சதை அடுத்த தரம், கவட்டுக்கால் சதை கடைசித் தரம். 2 கிலோ நண்டில் ஏறத்தாழ அரைக் கிலோ சதை வந்தது.

"இதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"அங்கை வாயிலை வைக்க விடமாட்டினம், மிஸ். சுத்தத்துக்காக. வீட்டிலை இவ்வளவு பெரிய நண்டு மிஞ்சினால்தானே."

செயலாளர் அக்கா பெரிய துண்டு ஒன்றை எடுத்து அவருடைய வாய்க்குள் வைத்தார். எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மென்று விழுங்கிவிட்டு, "உப்புக் காணாது" என்றார். சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இறாலில் ஒரு கிலோ உரித்து, முதுகு நரம்பு எடுத்து, கொதிநீரில் போட்டு நிறம் மாறிச் சுருண்டதும் எடுத்தோம். 3 நிமிடம் போதும். கணவாய் அரைக் கிலோ. அதுதான் எல்லோரையும் பயப்படுத்தியது. மெல்லிய வளையமாக வெட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குக் கூட விடக்கூடாது. விட்டால் இறப்பர். பிறகு மெதுமையாக்க அரைமணித்தியாலத்துக்கு மேல் அவியவேண்டும், அது சலட்டுக்கு உதவாது. எடுத்த உடனே ஐஸ் தண்ணீரில் போட்டோம். மரக்கறிக்கு வெள்ளரிக்காய், கரட், விதை நீக்கிய தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். வெள்ளரிக்காயை அரிந்து உப்புத் தூவிக் கால் மணித்தியாலம் வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் சலட் தண்ணீராகாது. மரக்கறி கழுவியது கொதித்தாறிய நீரில். பச்சை மீன் வெட்டிய பலகையில் அவித்ததை வைக்கக்கூடாது என்று வேறு பலகை வைத்துக்கொண்டோம்.

கலப்பது பரிமாறும் நேரத்தில்தான். கடலுணவு ஒரு பெட்டி, மரக்கறி ஒரு பெட்டி, பால் கலவை ஒரு போத்தல், மூன்றும் ஐஸில். வெளியே எடுத்தால் 2 மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். சாட்டி மணலில், சித்திரை வெய்யிலில் என்றால் ஒரு மணித்தியாலம். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது பிரிட்ஜில் வைத்த மீனையெல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்தவர்கள் அவர்கள். ஐஸைப் பற்றி நான் வகுப்பு எடுக்கவேண்டி இருக்கவில்லை.

சாப்பிட்ட பின் கணக்குக்கு வந்தோம். செயலாளர் அக்கா கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: நண்டு, இறால், கணவாய், தேங்காய், முட்டை, மரக்கறி, ஐஸ், முச்சக்கரவண்டிக் கூலி. கூட்டி, அதன்மேல் ஒரு சிறு தொகை 'இலாபம்'. விறகு இல்லை. ஆள் கூலியும் இல்லை.

"கை வேலைக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நாங்கள்தானே செய்யிறம். எங்களுக்கென்ன கூலி?" என்றார் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் ஊதியமற்ற உழைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கங்கள் எதுவும் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தவர் தொழிற்சாலையில் வேலை செய்த தங்கைதான். "அங்கை கிலோவுக்கு இவ்வளவு எண்டு தந்தவை அக்கா. குறைவு எண்டாலும் தந்தவை. இஞ்சை அதுவும் இல்லையோ?" என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஓடர் நாளுக்கான நேரத்தை எண்ணத் தொடங்கினோம். 6 பேர், ஆளுக்கு 5 மணித்தியாலம், மொத்தம் 30 மணித்தியாலம். ஊரில் ஒரு நாட்கூலிக்குப் பெண்கள் வாங்குவதை வைத்து மணித்தியாலக் கணக்குப் போட்டார்கள். விறகும் எழுதினார்கள். வந்த தொகையைப் பார்த்து அன்ரி, "உவங்கள் வேறை கடைக்குப் போயிடுவாங்கள்" என்று பயந்தார். பயப்படத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் வருமானம் என்பது கடலைப் பொறுத்தது. இழுவைப்படகு வந்துபோன இரவுக்கு மறுநாள் வலை கிழிந்து கிடக்கும். உள்ளூரில் இழுவைமடித் தொழிலை 2017இல் சட்டம் தடைசெய்தாலும் எல்லை தாண்டி வரும் படகுகள் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது வள்ளம் கரையிலேயே கிடந்த நாட்களும் உண்டு. கையில் வந்த ஓடரை விலை சொல்லி இழப்பது அவர்களுக்குச் சின்ன விடயமல்ல.

இருந்தும் அந்தத் தொகையையே சொன்னார்கள். பயணத்தை ஒழுங்கு செய்பவர் எதிர்பார்த்தபடியே நகரத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்றார். ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். செயலாளர் அக்கா கொப்பியைப் பார்த்தபடி நிதானமாகப் பதில் சொன்னார்: "தம்பி, விலை குறைக்கவேணுமெண்டால் கணவாயை எடுத்துவிடுறம், இல்லாட்டி நண்டைக் குறைச்சு இறாலைக் கூட்டுறம். சாமானிலைதான் குறைக்கலாம். கூலியிலை குறைக்க ஏலாது." யோசித்துச் சொல்வதாக அவர் வைத்துவிட்டார்.

நான் பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். மண்கும்பான் தாண்டும்போது அழைப்பு வந்தது. கணவாயும் வேண்டுமாம், விலை சரியாம். இரண்டு பேருக்கு நண்டும் இறாலும் ஒவ்வாது, அவர்களுக்கு அவித்த மீனில் தனியாகச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். விளைமீனில் செய்து, வேறு கரண்டி போட்டு, வேறு பெட்டியில் கொடுக்கலாம் என்றேன். "ஓம், அன்ரியும் அப்பிடித்தான் சொன்னவ" என்றார் அக்கா. ஐஸுக்குச் சொல்லிவைக்க அந்தத் தங்கை அப்போதே சைக்கிளில் போய்விட்டாராம்.