மொட்டைத் தலையோடு ஒரு தேன்நிலவு



போன வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜை முடிந்து அன்னதானப் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தோம். பத்து நாளைக்கு முன்னாடி நம்ம ஆலய மண்டபத்தில் கல்யாணம் ஆன ஜோடி அர்ச்சனைக்கு வந்தாங்க. ராத்திரி பாலிக்கு ஃபிளைட்டாம். அந்தப் பொண்ணு குசினி வாசல்ல நின்னு, "ஆண்டி, நீங்க ஹனிமூன் எங்க போனீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடியே காய் நறுக்குற அக்காமார் எல்லாம் சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவங்களுக்குத்தான் கதை தெரியுமே. அதுக்கு முழுசா சொல்ல நேரமில்ல, ஏர்போர்ட்டுக்கு ஓடிட்டாங்க. "எழுதிப் போடுங்க ஆண்டி, படிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போச்சு. அதான் எழுதுறேன். நீளமா இருக்கும், மன்னிக்கவும்.

1993, ஆவணி மாசம். நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டுனவங்க. என் வீட்டுக்காரருக்கு ஈப்போவில் பலகைத் தொழிற்சாலையில் வேலை. பெரியவங்க பார்த்து வச்ச சம்பந்தம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு தடவை பார்த்தேன். பேசினது மொத்தமே பத்து வாக்கியம் இருக்கும். அதிலேயும் பாதி "பசியாறியாச்சா?" தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் அவங்க பெரியப்பா ஒரு கவரைக் கையில கொடுத்து, "ரெண்டு பேரும் கேஎல் போய் சுத்திட்டு வாங்க"ன்னார். உள்ள 300 வெள்ளி. தேன்நிலவுங்கிறது சினிமாவில் ஊட்டிக்குப் போறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ நான். கோலாலம்பூருக்கு அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போயிருக்கேன், ஆறாம் வகுப்பில், ஸூ நெகாரா பார்க்க. யானையைத் தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஈப்போவில் பஸ் ஏறி புடுராயாவில் இறங்கினோம். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அந்த புடுராயா தெரியாது. கீழே இருட்டுல பஸ் வரிசையா உறுமிக்கிட்டு நிக்கும், ஒரே புகை. மேலே வந்தா டிக்கெட் விக்கிறவங்க ஊர் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. கழுத்துல புது மஞ்சக்கயிறு, வேர்வையில் ரவிக்கை எல்லாம் மஞ்சள். நான் அவர் சட்டை நுனியைப் பிடிச்சிக்கிட்டே நடந்தேன். பக்கத்துலயே ஒரு சீனருடைய சின்ன ஹோட்டல்ல ரூம். மேலே காத்தாடி, கீழே விடிய விடிய பஸ் சத்தம்.

முதல் நாள் நேரா ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் ஆலயம். 1873ல் ஆரம்பிச்ச ஆலயம். தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் போற வெள்ளி ரதம் புறப்படுறது இங்கிருந்துதான். வாசல்ல பூ விக்கிற பாட்டி என் கழுத்தைப் பார்த்து, "புதுப்பொண்ணா?"ன்னு ஒரு முழம் மல்லி சும்மாவே கொடுத்தாங்க. அப்புறம் பெட்டாலிங் ஸ்திரீட், மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கடை (பார்த்தது நிறைய, வாங்கினது ஒண்ணு), மெர்டேகா சதுக்கத்துக் கொடிமரம். இரட்டைக் கோபுரம் எல்லாம் அப்ப கிடையாது. டாயாபூமியே எனக்குப் பெரிய கட்டடம்.

ஆனா ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த மனுஷன் எந்தப் பொதுத் தொலைபேசியைப் பார்த்தாலும் நின்னுடுவார். காசு போட்டு, அவங்க வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன். "அம்மா சாப்பிட்டாங்களா? மாத்திரை போட்டாங்களா?" ஒரு நாள்ல அஞ்சு தடவை. அத்தைக்கு (என் மாமியார்) ஜூன் மாசம் கர்ப்பப்பையில் கட்டின்னு ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். இருந்தாலும் 22 வயசுப் பொண்ணுக்கு அது அம்மாப்பிள்ளைத்தனமாத்தான் தெரிஞ்சது. உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு ராத்திரி எனக்கு அழுகை வந்துச்சு. இவர் என்னோட வந்திருக்காரா, இல்ல அம்மாவை விட்டுட்டு வந்த கவலையோட வந்திருக்காரான்னு தோணுச்சு. விளக்கை அணைச்சப்புறம், "நாளைக்குப் பத்துமலை போவோமா?"ன்னு மெதுவா கேட்டார். சரின்னேன்.

காலையில் ரிசப்ஷனுக்குக் கட்டின கத்தரிப்பூ கலர் சேலையைக் கட்டினேன். கேமராவில் புது ரோல், 36 படம். படியில நின்னு ஜோடியா படம் எடுக்கணும்னு மனசுல ஒரு ஆசை. அப்ப கேடிஎம் கொமுட்டர் பத்துமலைக்குக் கிடையாது, பஸ்ல நின்னுக்கிட்டே போனோம். 140 அடி முருகன் சிலையும் இல்ல, அது 2006ல் வந்தது. படிக்கட்டும் இப்ப மாதிரி கலர் கலரா இருக்காது, வெறும் சிமெண்ட்.

அடிவாரத்துல ஒரு பெஞ்சைக் காட்டி, "இங்க உக்காரு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்"ன்னார். தேங்காய் பழம் வாங்கப் போறார்னு நினைச்சேன். பத்து நிமிஷம், அரை மணி நேரம் ஆச்சு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கிட்டு யாரோ ஒருத்தர் வந்து எதிர்ல நின்னார். நான் அவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் வர்றாரான்னு. "நான்தான்"ன்னார்.

இன்னைக்குச் சிரிப்பா இருக்கு. அன்னைக்கு என் உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. எங்க வீட்டுப் பக்கம் கல்யாணமான வருஷம் ஆம்பிளை மொட்டை போடமாட்டாங்க. அப்படியே போட்டா அது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். நேத்து பூரா அவர் போன் போட்டுக்கிட்டே இருந்தது, ராத்திரி ஒண்ணும் பேசாம படுத்தது, எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரே அர்த்தம்தான் தோணுச்சு. "ஏங்க, அத்தைக்கு என்ன ஆச்சு? எப்ப சேதி வந்துச்சு?"ன்னு அங்கேயே ஓன்னு அழுதுட்டேன். மாலை கட்டுறவங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க.

அவர் பயந்துட்டார். "அம்மா நல்லா இருக்காங்க, காலையிலகூட பேசினேன்"னு பெஞ்சுல உக்கார வச்சு அப்புறம்தான் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்னு வேண்டிக்கிட்டாராம். அம்மா பிழைச்சு வந்து என் கல்யாணத்துல நிக்கணும், நின்னா கல்யாணம் முடிஞ்ச கையோட பத்துமலைக்கு வந்து முடி இறக்குறேன்னு. அத்தை கல்யாணத்துல பூரா நேரமும் நாற்காலியில்தான் இருந்தாங்க. தாலி கட்டும்போது மட்டும் ரெண்டு பேர் தோளைப் பிடிச்சு எழுந்து நின்னு அட்சதை போட்டாங்க. நான் தலை குனிஞ்சிருந்தேன், பார்க்கல. அவர் பார்த்திருக்கார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா, புது மாப்பிள்ளை மொட்டை போடக்கூடாதுன்னு விடமாட்டாங்க. உன்கிட்ட சொன்னா நீ அவங்ககிட்ட சொல்லிடுவே."

மொட்டையைவிட அந்த வார்த்தைதான் வலிச்சது. கல்யாணம் ஆகி மூணு நாள். நான் யார் பக்கம்னு அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார். ஒண்ணும் பேசாம எழுந்து படி ஏற ஆரம்பிச்சேன். 272 படி. அவர் எனக்கு முன்னாடி அர்ச்சனைத் தட்டோட. குரங்கு ஒண்ணு வந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிட்டுப் போச்சு, நாங்க ரெண்டு பேரும் அதுக்குக்கூட சிரிக்கல.

பாதிக்கு மேல போனப்பதான் கவனிச்சேன். பின்னந்தலையில் கத்தி பட்டு ஒரு சின்னக் கோடு, சந்தனத்துக்கு நடுவுல ரத்தம் கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கு. அவருக்கே தெரியல. "நில்லுங்க"ன்னு சொல்லி முந்தானையால் துடைச்சேன். அந்தப் படியில அவர் குனிஞ்சு நின்னார், நான் துடைச்சுக்கிட்டே இருந்தேன். பின்னாடி வந்தவங்க எங்களைச் சுத்திப் போனாங்க. அந்தக் கறை இன்னும் சேலையில இருக்கு. ரெண்டு தடவை டிரை கிளீனிங் கொடுத்தும் போகல.

மேலே குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். இவர் அம்மா பேர், நட்சத்திரம் சொன்னார். என்னுடையதையும் சரியா சொன்னார். தன்னுடையதைச் சொல்ல மறந்துட்டார். குருக்கள் என்னைப் பார்த்து, "ஐயாவோட நட்சத்திரம் என்னம்மா?"ன்னார். எனக்குத் தெரியல. ஜாதகம் பார்த்தது அப்பாவும் மாமாவும், நான் எங்க பார்த்தேன்? முழிச்சேன். குருக்கள் சிரிச்சிட்டு, "இனிமே தெரிஞ்சிக்கோங்க"ன்னார். (உத்திரட்டாதி. இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.)

மூணாம் நாள் லேக் கார்டன், பறவைப் பூங்கா, துகு நெகாரா. எல்லாப் படத்திலேயும் பட்டுச்சேலை கட்டின ஒரு பொண்ணும் ஒரு மொட்டையும். ஹோட்டல் சீனர் அங்கிள் இவர் தலையைப் பார்த்துட்டு, வீட்ல ஏதோ துக்கம்னு நினைச்சு, கிளம்பும்போது அஞ்சு வெள்ளி குறைச்சிக்கிட்டு இவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். இவரும் விளக்கம் சொல்லாம "தெரிமா காசே"ன்னு வாங்கி வச்சிக்கிட்டார்! பஸ்ல ஏறினதும்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம். ஈப்போ வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தோம். எங்க தேன்நிலவு அந்த பஸ்லதான் நடந்துச்சுன்னு நான் சொல்லுவேன்.

வீட்டு வாசல்ல அத்தை நாற்காலியில் இருந்தாங்க. மகன் தலையைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பேசல. கிட்ட வரச்சொல்லி தலையைத் தடவினாங்க. என்னைப் பார்த்து, "நீயாச்சும் தடுக்கக் கூடாதாம்மா?"ன்னாங்க.

"எனக்கே தெரியாது அத்தை. மொட்டை போட்டப்புறம்தான் தெரியும்."

"உன்கிட்டயும் சொல்லலையா?"ன்னு கேட்டுட்டு, தடவின அதே கையால நங்குன்னு ஒரு குட்டு வச்சாங்க. "பொண்டாட்டிகிட்ட சொல்லாம என்னடா வேண்டுதல்?" அந்த வீட்டுல எனக்காக முதல்ல பேசினது அவங்கதான்.

அத்தை 1995 மாசி வரைக்கும் இருந்தாங்க. என் மூத்த பொண்ணுக்குப் பேர் வச்சு, மடியில போட்டு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினாங்க. அவங்க போன அன்னைக்கு இவர் ரெண்டாவது தடவை மொட்டை போட்டார். துண்டை நான்தான் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.

இந்த மொட்டை விஷயத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம் இருக்கு. இதைப் படிச்சிட்டுப் புது மாப்பிள்ளைங்க யாரும் அவசரப்பட்டுக் கத்தி வைக்காதீங்க, வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுக்கோங்க. போன மாசம் நாங்க ரெண்டு பேரும் கொமுட்டர் ஏறிப் பத்துமலை போனோம். அவருக்கு இப்ப இறக்குறதுக்கு முடியே இல்ல. முட்டிவலி வேற. 272 படிக்கு மூணு இடத்துல உக்கார்ந்தோம். அந்த இடம் எந்தப் படின்னு அவர் ஒண்ணு காட்டுறார், நான் ஒண்ணு காட்டுறேன். கலர் அடிச்சப்புறம் அடையாளம் தெரியல.

நேத்து அந்தப் பொண்ணு பாலியிலிருந்து படம் அனுப்பியிருக்கு. கடற்கரை, இளநீர், ரெண்டு பேரும் கறுப்புக் கண்ணாடி. மாப்பிள்ளைக்கு முடி இருக்கு, பார்த்துட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் குறைவா இருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு வர முடிஞ்சவங்க வாங்க, கத்தி மட்டும் சொந்தமா கொண்டு வாங்க.