கேஜ் மாறி இறங்குவது

எங்கள் தங்கவயல் லைன் வீடுகளில் இருந்த பெரியவர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லிக் கேட்டதில்லை. எத்தனை கேஜ், அதாவது சுரங்க லிஃப்ட், மாறினோம் என்றுதான் சொல்வார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் அது. ஒரே கம்பிவடத்தில் அவ்வளவு தூரம் தொங்கிப்போக முயன்றால் வடத்தின் சொந்த எடையே அதற்கு எமன். அதனால் தரையிலிருந்து ஒரு ஷாஃப்டில் இறங்கி, உள்ளே நடந்து, பூமிக்கடியில் இருக்கும் இன்னொரு ஷாஃப்டில் மறுபடி கேஜ் ஏற வேண்டும். பாறையை உடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதே பாதி வேலை.

லினக்ஸ் கணினி எழுந்திருப்பதும் இப்படிக் கேஜ் மாறித்தான். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபர்ம்வேர் விழிக்கும்; அது கிரப் என்ற பூட்லோடரைக் கூப்பிடும்; கிரப், கர்னலை மெமரியில் ஏற்றும்; கர்னல் ரூட் கோப்பமைப்பைத் தேடிப் பிடிக்கும். ரூட் ஒரு சாதாரண பார்ட்டிஷனில் இருந்தால் அத்தோடு முடிந்தது. லாஜிக்கல் வால்யூமில் இருந்தால் இன்னும் ஒரு கேஜ் மாற வேண்டும்.

லாஜிக்கல் வால்யூம்களை நிர்வகிக்கும் எல்விஎம்மை லினக்ஸுக்காக 1998-இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் எழுதினார். ஹெச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த ஏற்பாடுதான் அதற்கு முன்மாதிரி. இரண்டு மூன்று டிஸ்க்குகளை ஒரே வால்யூம் குரூப்பாகச் சேர்த்து, அதை வழக்கமாக 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, வேண்டிய அளவு துண்டுகளைக் கோத்து ஒரு வால்யூம் செய்துகொள்ளலாம். இடம் போதாவிட்டால் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து, மெஷினை நிறுத்தாமலே வால்யூமை நீட்டலாம். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கு டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கைப் படிக்கக் கர்னலுக்குத் தெரியாது. எல்விஎம் கருவிகள் படித்துச் சொன்னால், சொன்னபடி துண்டுகளைக் கோத்துக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கருவிகள் வழக்கமாக இருப்பது ரூட்டுக்குள். ரூட்டைத் திறக்கக் கருவி வேண்டும். கருவியை எடுக்க ரூட் திறக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காக இருப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொதி. கர்னலோடு சேர்த்து கிரப் அதையும் மெமரியில் ஏற்றிவிடும். கருவிகளின் நகல் அதற்குள் இருக்கும். அது வால்யூம் குரூப்பை எழுப்பி, ரூட்டை மவுண்ட் செய்து, தன் கோப்புகளைத் தானே அழித்து மெமரியைக் காலிசெய்து, பொறுப்பை ஒப்படைத்துவிடும். லாகின் திரை வரும்போது அப்படி ஒன்று இருந்த தடயமே தெரியாது.

அது சரியாக இல்லாதபோதுதான் அதன் அருமை தெரியும். ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தம்பி ஒருவன் பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டு, லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டெபியனை அப்படியே லாஜிக்கல் வால்யூமுக்கு மாற்றினான். எஃப்ஸ்டேபிலும் கிரப்பிலும் புது முகவரியைக் கவனமாக எழுதினான். ரீபூட் செய்ததும், அந்த டிவைஸே இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுப்புத் திரை நின்றுவிட்டது.

"டிஸ்க் போயிடுச்சாண்ணா?" என்றான்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலப்பா. எல்லாம் பத்திரமா இருக்கு. அங்க இறங்கக் கேஜ்தான் இல்ல."

அந்தத் திரையில் எல்விஎம் என்று அடித்துப் பார்த்தோம். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. எல்விஎம்2 பேக்கேஜ் லைவ் யூஎஸ்பியில் இருந்தது. அவனுடைய பழைய டெபியனுக்கு அது தேவைப்பட்டதே இல்லை, அதனால் நிறுவப்படவுமில்லை. மறுபடி யூஎஸ்பியில் பூட் செய்து, விஜிசேஞ்ச் கொடுத்து வால்யூமை எழுப்பி, பூட் பார்ட்டிஷனையும் சேர்த்து மவுண்ட் செய்து, சீரூட் மூலம் உள்ளே போய் அந்தப் பேக்கேஜைப் போட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டினோம். எழுந்துவிட்டது.

பொருள் இருப்பது வேறு, அதை எட்டுவது வேறு. இதைத் தங்கவயல்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே இங்கு வந்து சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்டியது. உள்ளே நடந்த வேலைக்கான தெம்பு வெளியிலிருந்துதான் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பம்ப் நின்றதும் தண்ணீர் ஏறியது. மிச்சமிருக்கும் தாது அங்கேயேதான் இருக்கிறது, போகும் வழிதான் இல்லை. தண்ணீரை இறைக்க வேண்டுமென்றாலும் பம்ப்பை மேலிருந்துதான் இறக்க வேண்டும். அடியில் கிடக்கும் பம்ப்பால் ஒரு பயனும் இல்லை.

எல்விஎம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு அது அவ்வளவு அவசியமில்லை. நிரம்பிக்கொண்டே போகும் சர்வருக்கு அது வரம். ஆனால் ரீபூட் கொடுக்குமுன் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் பொதிக்குள் எல்விஎம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கிரப்புக்கு எல்விஎம் படிக்கத் தெரியாது, கிரப் 2-க்குத் தெரியும். ஆனாலும் பூட் பார்ட்டிஷனைத் தனியாக வைப்பதையே நான் விரும்புகிறேன். திறக்கும் கருவி எப்போதும் பூட்டுக்கு வெளியே இருக்கட்டும்.