இரண்டு கரிநெருப்புகள்



லவ்டேலில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் விழும் மழையோசை சிலருக்குத் தாலாட்டு. நம் சபையின் ஒரு தாயாருக்கோ அது 15 ஆண்டுகளாக மரண பயமாயிருந்தது. அவர் அனுமதியோடே இதை எழுதுகிறேன்.

2009 நவம்பர் 10ஆம் நாளை நீலகிரியில் வாழ்வோர் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அடுத்த கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சரிவுகள் இடிந்து வீடுகளை மூடின. மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தாயாரின் அடுத்த வீடு அன்று மண்ணுக்குள் போயிற்று. உள்ளிருந்தோரின் குரலை அவர் கேட்டார். அவர்களை மீட்க ஒருவராலும் கூடவில்லை.

அதன்பின் மழைக்காலந்தோறும் அவர் இரவில் படுப்பதில்லை. குடும்ப அட்டையையும் பத்திரங்களையும் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல், விடியுமட்டும் வாசலருகே அமர்ந்திருப்பார். ஈரமண் வாசனை எழுந்தால் கைகள் நடுங்கும். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான், "விசுவாசத்தில் தளராதீர்கள், அம்மா, இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்" என்றேன். அவர் தலையசைத்துச் சென்றார். பிறகு அதைப்பற்றி என்னிடம் பேசவேயில்லை. பேச்சு நின்றதால் பயமும் நீங்கிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தது. அக்காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்டு அவர் மூச்சுத் திணறி விழுந்தார். சபையிலுள்ள செவிலியர் ஒருவரே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். போதகனாகிய நான் செய்திருக்க வேண்டியது அது.

அந்நோய்க்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்று பெயர். முதல் உலகப்போரில் படைவீரரிடம் இதைக் கண்டவர்கள் 'ஷெல் ஷாக்' என்றார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இப்போதைய பெயரால் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நடந்தது மீண்டும் நடப்பதுபோல் நினைவிலும் கனவிலும் வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனம் விலக்கும். தப்பிப் பிழைத்ததையே குற்றமாக எண்ணும். சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோய். விசுவாசக் குறைவு என்று அதற்குப் பெயரிட நமக்கு உரிமையில்லை.

சிகிச்சை எப்படி நடந்தது? அந்த இரவை அவர் ஆலோசகர் முன்னிலையில், வாரந்தோறும், சிறிது சிறிதாகச் சொன்னார். பின்பு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தூறலில் நடந்தார். மருத்துவர் தந்த மாத்திரையும் துணைநின்றது.

இதைக் கேட்டபோது பேதுருவை நினைத்தேன். பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு அவன் ஆண்டவரை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் அவனைச் சந்தித்தபோது, அங்கும் கரிநெருப்பு இருந்ததென்று யோவான் எழுதுகிறார். அதே புகை, அதே வாசனை. ஆண்டவர் முதலில் அவனுக்கு உணவளித்தார். பின்பே, மறுதலித்த எண்ணிக்கைப்படி மூன்றுமுறை வினவினார். பேதுருவின் பாரம் தவறிய ஒருவனின் பாரம். நம் தாயாரோ எத்தவறும் செய்யாதவர். ஆயினும் இருவரும் குணமடைந்த வழி ஒன்றே: காயம் பட்ட நினைவுக்கு, அன்புள்ள துணையோடு திரும்பிச் செல்லுதல்.

உங்கள் வீட்டில் இப்படி விழித்திருப்பவர் உண்டா? 'மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அருகே அமருங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஜெபத்தையும் விட்டுவிடாதீர்கள், மருத்துவரின் அறிவும் கர்த்தர் தந்த ஈவே.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து மழைக்கு ஒதுங்கி நின்றோம். அத்தாயார் சொன்னார்: "பயம் முழுசா போகலீங்க ஐயா. ஆனா இப்போ மழை, மழை மாதிரியே கேக்குது."

எங்கள் பயங்களை அறிந்த ஆண்டவரே, விழித்திருப்போருக்கு நித்திரையையும், எங்களுக்குக் கேட்கும் செவியையும் தாரும். ஆமென்.