விளக்கும் குடமும்

சென்ற தவணை எங்கள் உயர்தர வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. பொருளாதார வளர்ச்சி ஒரு சர்வாதிகார நாட்டை ஜனநாயகத்துக்கு இட்டுச் செல்லுமா என்பது தலைப்பு. செல்லும் என்ற அணியில் நான். தென்கொரியாவைப் பற்றிப் பேசினேன். இராணுவ ஆட்சியில் தொழிற்சாலைகள் பெருகின, படித்தவர்கள் பெருகினர், 1987இல் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்யும் உரிமை கிடைத்தது. தாய்வானுக்கு அது 1996இல் கிடைத்தது. எங்கள் அணி வென்றது.

கல்பிட்டியில் வீட்டுக்கு வந்து உம்மும்மாவிடம் பெருமையோடு சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டே, "நம்மட நாட்டப் பத்தி என்ன சொன்னீங்க மகள்?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இலங்கை சர்வாதிகார நாடல்ல, 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றது என்றேன்.

"அப்ப விளக்கும் குடமும் தெரியுமா?"

தெரியாது. அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

உம்மும்மாவின் முதல் வாக்கு 1977இல். அத்தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தனவின் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. திறந்த பொருளாதாரம் வந்தது. பாண் வரிசைகள் மறைந்தன, கடைகளில் புடவை குவிந்தது. 1978இல் பொருளாதாரம் 8 வீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதே ஆண்டில்தான் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்ட யாப்பும் வந்தது. 1982 டிசம்பரில், பொதுத் தேர்தல் நடத்தாமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அந்த வாக்கெடுப்பு நேர்மையாக நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. விளக்கு ஏறத்தாழ 55 வீதம் பெற்றது.

"கடையில எல்லாம் கிடைச்சிச்சு. அத ஏன் கெடுப்பான் எண்டு விளக்குக்குப் போட்டன்."

அதன் பிறகு பாராளுமன்றத்துக்கு அவர் வாக்களித்தது 1989இல். 1978இல் பிறந்த என் உம்மாவுக்கு அப்போது பதினொரு வயது.

யுத்தம் முடிந்த பின்பும் இதே கதைதான். 2010இல் வளர்ச்சி 8 வீதம். அந்த செப்டம்பரில் வந்த 18ஆவது திருத்தம், ஒருவர் எத்தனை தடவையும் ஜனாதிபதியாகப் போட்டியிடலாம் என்றது. அடுத்த ஆண்டு எங்கள் பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. வெளிச்சம் வந்தால் கேள்வி குறையும் போலும்!

அப்படியானால் வறுமைதான் ஜனநாயகம் தருமா? 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் வாப்பாவின் படகு கரையில் கிடந்தது. மக்கள் காலிமுகத்திடலில் கூடினார்கள், ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். அதனால் நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2023இல் உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். பணம் இருந்த காலத்திலும் தேர்தல் தள்ளிப்போனது, இல்லாத காலத்திலும் தள்ளிப்போனது. அந்த ஒத்திவைப்பு அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விவாதத்தில் நான் விட்டுவிட்ட ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. கொரியாவில் தொழிற்சாலை மாணவர்களை உருவாக்கியது உண்மை. ஆனால் 1987இல் கண்ணீர்ப்புகைக்கு முன்னால் போய் நின்றது தொழிற்சாலை அல்ல, அந்த மாணவர்கள்.

உள்ளூராட்சித் தேர்தல் கடைசியில் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. சுபஹு தொழுத கையோடு உம்மும்மா அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார். எனக்கு இன்னும் வாக்கில்லை. வாக்களிப்பு நிலைய வாசல்வரை கூடப் போய் வெளியே நின்றேன்.